பதினான்கு வினாடி

அண்ணன் போனில் கத்தினால் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். அன்று காலை ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் கேட்டது.

"நீ என்னத்தை எழுதித் தொலைச்ச? வீட்ல ஆத்தாளும் மகளும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருந்தாங்க. இப்ப குட்டி பெட்டியைத் தூக்கிட்டு சிநேகிதி ரூமுக்குப் போயிட்டா. நாலு நாளாச்சு."

"நான் என்ன பண்ணேன்?"

"நீ அனுப்பின தாளைப் படிச்சதுலேர்ந்துதான் எல்லாம். உங்கண்ணியைக் கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா. நீயே வந்து சரி பண்ணு. எனக்கு இந்தப் படிப்பாளி வேலையெல்லாம் புரியாது."

வைத்துவிட்டான். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அறைக்குள்ளேயே கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். ஐந்து வினாடி போக, ஐந்து வினாடி வர. எதையும் வினாடியில் எண்ணுவது என் வியாதி. அந்த வியாதியால்தான் வீடு இப்படி ஆகியிருந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. வயது முப்பத்தாறு ஆகிறது, மாணவி என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. மனிதர், சமூகம், பண்பாடு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற மையம் எங்களுடையது. சமூகவியல், உளவியல், வரலாறு மூன்றும் வந்து முட்டுகிற இடம் என்பதால் மாணவர்கள் அதற்கு முச்சந்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வழிகாட்டிகளும் மூன்று பேர். ஒரு அத்தியாயத்தைச் சேர் என்பார் ஒருவர். எடு என்பார் இன்னொருவர். மூன்றாமவர் படித்தே இருக்க மாட்டார். இந்த இழுபறியில் எட்டு வருஷம் ஓடிவிட்டது. இனி நீட்டிப்பு கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் என் பதிவு ரத்து. அண்ணன் போன் செய்தது புதன்கிழமை.

உழைக்கும் பெண்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. பதினோரு பெண்களைப் போனிலேயே பேட்டி எடுத்துப் பதிவு செய்தேன். பிறகு அதை ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்தேன். எங்கள் முறைப்படி பேச்சை மட்டும் எழுதினால் போதாது. பேசுகிறவர் மூன்று வினாடிக்கு மேல் நிறுத்தினால் அதையும் எண்ணி அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். அப்படி மொத்தம் அறுபத்திரண்டு மௌனங்கள் சிக்கின. அதில் நாற்பத்தொன்று ஒரே ஆளுடையது. அந்த ஆள் பங்கேற்பாளர் ஒன்பது. பங்கேற்பாளர் ஒன்பது என் அண்ணி.

உறவினரைச் சேர்க்கலாம், சொல்லிவிட்டுச் சேர்த்தால் போதும். அண்ணி துணி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் வேறு ஊர். கால்சட்டைக்கு நீளம் குறைப்பாள், இடுப்புப் பிடிப்பாள், ஜிப் மாற்றுவாள். வீட்டில் அண்ணன் டிவியை அலறவிடுவான் என்பதால் கடையில் இருக்கும்போதுதான் பேசுவோம். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பட்டன் டப்பாக்களின் மேல் வைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள். மிஷின் ஓடும், நிற்கும், பேச்சும் நிற்கும். மிஷினையே நிறுத்திவிட்டு யோசிக்கிறாளே என்று எனக்குப் புல்லரிக்கும்.

அந்த மௌனங்களைக் காட்டியபோது என் வழிகாட்டிகள் மூவரும் எட்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரே குரலில் பேசினார்கள். உழைப்பின் சோர்வு என்றார் சமூகவியல்காரர். தலைமுறைகளாக வாய் மூடி வளர்ந்ததன் தடம் என்றார் வரலாற்றுக்காரர். அடக்கிவைத்த துக்கம் என்று சொல்லி உளவியல் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலாவது அத்தியாயம் அப்படித்தான் பிறந்தது. ஆய்வேட்டின் உயிரே அதுதான்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஆளை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக அண்ணியின் தொழிலை மாற்றிவிட்டேன். துணி திருத்தும் கடை செருப்புத் தைக்கும் கடையாகிவிட்டது. தையல் எப்படியும் தையல்தானே என்று நினைத்தேன்.

ஒப்படைப்பதற்கு முன் பேட்டி கொடுத்தவர்களுக்கு அவரவர் பகுதியை அனுப்பிக் காட்ட வேண்டும் என்பது விதி. விதியை மீறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருபத்தெட்டுப் பக்கத்தை அழகாக அச்செடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். அண்ணிக்கு என் எழுத்து நடை என்றாலே கொட்டாவி வரும். "உங்க அத்தை எழுதினதுல எனக்குப் பாதி புரியாது, நீயே சத்தமாப் படி" என்று சொல்லி மகளிடம் கொடுத்துவிட்டாள். செருப்புக் கடையைப் பார்த்து இரண்டு பேரும் முதலில் சிரித்தார்களாம். பதினேழாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. அங்கே இப்படி எழுதியிருந்தேன்:

‘மகள் பிறக்காமல் இருந்திருந்தால் உங்கள் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்? (பதினான்கு வினாடி மௌனம்.) என்ன கேள்வி இது. அடுத்ததைக் கேளு. — ஆய்வின் மிக நீண்ட மௌனங்களில் ஒன்றான இதில், தாய்மையின் மீது சொல்லப்படாத ஒரு மறுப்பு ஒலிக்கிறது.’

அந்த மகளே அதைத் தாய்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள். படித்துவிட்டு, "ஏம்மா, நான் பிறந்திருக்க வேண்டாம்னு நினைச்சியா?" என்று கேட்டிருக்கிறாள். அண்ணி அதற்கும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பெட்டி கிளம்பிவிட்டது. அண்ணன் கூடத்தில் டிவி பார்த்தபடி காதில் வாங்கியிருந்த இதையெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து அவனுக்கு மறுபடி போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாலு மணி நேரமும் என் கால் ஆடிக்கொண்டே வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு தடவை முறைத்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார்.

மதியம் இரண்டு மணிக்குக் கடைக்குள் நுழைந்தேன். இத்தனை நாள் காதால் மட்டும் தெரிந்த இடம். வந்த நாளெல்லாம் அண்ணன் வீட்டோடு திரும்பியவள் நான். இங்கே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இரண்டு மிஷின், ஆளுயரக் கண்ணாடி, இஸ்திரி மேஜை, துண்டுச் சீட்டு குத்திய துணிகள் தொங்கும் கம்பி. கண்ணாடிக்கு முன்னால் ஒரு பலகை. அதன்மேல் ஒரு காவலாளி புதுச் சீருடைக் கால்சட்டையோடு விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். அண்ணி அவர் காலடியில் மண்டியிட்டு விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, என் மேல கோவமா?"

பதில் இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வாய்க்குள் எண்ணிக்கை தானாக ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பதாவது வினாடியில் அண்ணி தலையைத் தூக்கினாள். உதடுகளுக்கு நடுவே ஆறு குண்டூசிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பில் குத்தினாள். மிஞ்சிய ஒன்றைப் பக்கத்தில் இருந்த தகர மிட்டாய் டப்பாவில் போட்டாள். டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

"வந்துட்டியா? உக்காரு. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

அந்த டிங் எனக்கு மனப்பாடம். ஒலிப்பதிவில் மௌனம் முடியும் இடத்தில் எல்லாம் அது இருக்கும். ‘பின்னணி ஓசை’ என்று குறித்து வைத்திருந்தேன்.

"அண்ணி, எப்பவும் ஊசியை வாய்லதான் வச்சிப்பீங்களா?"

"பின்ன எங்க வைக்கிறது? ரெண்டு கையும் துணியில இருக்கு."

"என்கூட போன்ல பேசும்போதும்?"

"அப்ப மட்டும் வேலை நின்னுடுமா?"

காவலாளி இறங்கி உடை மாற்றப் போனார். நான் துணிக் குவியலுக்குப் பக்கத்து ஸ்டூலில் விழுந்தேன். உழைப்பின் சோர்வு, தலைமுறைகளின் தடம், அடக்கிய துக்கம் எல்லாம் மிட்டாய் டப்பாவுக்குள் போய் விழுந்தன. தொழிலைச் செருப்புக் கடையாக மாற்றியபோதே குண்டூசியையும் நானே தூக்கி எறிந்திருக்கிறேன். படிக்கிற ஒருவருக்கும் சந்தேகம்கூட வந்திருக்காது. மானம் போன மாதிரி இருந்தது. சிரிப்பும் வந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. குட்டியிடம் காட்ட ஒரு காரணம் கிடைத்துவிட்டதே!

வாசலுக்கு வந்து உளவியல் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"வாயில ஊசியா! இது இன்னும் ஆழமா இருக்கும்மா. ஊசியும் ஒரு வகை மௌனம்தானே? யோசிச்சுப் பாரேன். அத்தியாயத்தை எடுத்துடாத. ஒரு பத்தி சேத்துடு."

போனை வைத்துவிட்டுக் குட்டிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ‘நான் கடையில் இருக்கிறேன். உன் அம்மா விஷயத்தில் நான் எழுதியது தப்பு. வந்தால் காட்டுகிறேன்.’ தான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து ஆறு மணிக்கு வருவதாக ஒற்றை வரி பதில் வந்தது.

ஆறு மணி வரை சும்மா இருக்க என்னால் முடியாது. லேப்டாப்பைத் திறந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாற்பத்தொரு மௌனங்களையும் புதுக் காதோடு கேட்டேன். எல்லாம் ஊசி. கேள்வி, ‘ம்’ என்று மூக்கால் ஒரு சத்தம், துணி உரசல், கடைசியில் டிங். ஒன்றை அடுத்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தேன். பதினேழாம் பக்கத்து மௌனத்துக்கு வந்தபோதும் டிக் போடக் கை தயாராகத்தான் இருந்தது.

டிங், டிங், டிங் என்று மூன்று ஊசி விழுகிறது. டப்பாவின் மூடியை அழுத்தி மூடுகிற சத்தம். பிறகு அண்ணியின் குரல், தடங்கல் இல்லாமல்: "ம், இப்ப கேளு." அதற்குப் பிறகுதான் என் கேள்வி. அதற்குப் பிறகு பதினான்கு வினாடி. துணி உரசவில்லை, கத்தரி நகரவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது.

ஐந்து தடவை கேட்டேன். சந்தேகமே இல்லை. அண்ணியின் வாய் காலியாக இருந்தது.

அப்போது என் மனசு துள்ளியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் துள்ளியது. நாற்பது ஊசிக்கு நடுவில் ஒரே ஒரு நிஜ மௌனம்! இதை வைத்து அத்தியாயத்தைத் திருப்பி எழுதினால் முன்பைவிட நூறு மடங்கு உசத்தி. இன்றிரவும் நாளையும் உட்கார்ந்தால் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடலாம். முதல் வரிகூடத் தயாராகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணி காவலாளியின் கால்சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்வை என் ஹெட்ஃபோன் மேல் இருந்தது. நான் எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும் என்று தோன்றியது.

ஆறு மணிக்குக் குட்டி வந்தாள். இருபத்திரண்டு வயது. கோபம் வந்தால் அண்ணன் மாதிரியே மூக்கு நுனி சிவக்கும். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"சொல்லுங்க அத்தை. எனக்கு நேரமில்ல."

மிட்டாய் டப்பாவைக் கையில் எடுத்துக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். நான் பாதி சொல்லும்போதே நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, இது எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல அம்மா முழுங்கிடப் போறாங்கன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன்! நீங்க அவ்வளவு படிச்சவங்க, எல்லாத்தையும் பாத்துத்தான் எழுதியிருப்பீங்கன்னு நம்பிட்டேன்." சட்டென்று குரல் இறங்கியது. "ஆனா நான் நேர்ல கேட்டப்பவும் அம்மா பேசல. அப்ப ஊசி இல்ல."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வாயைத் திறக்கப் போனாள், திறக்கவில்லை.

"நீ அப்படிக் கேட்டா எந்த அம்மாவுக்குத்தான் பேச்சு வரும்?" என்றேன் நான்.

"அந்தப் பதினாலு வினாடியைப் போட்டுக் காட்டுங்க அத்தை. நானே கேக்கறேன்."

எட்டு வருஷத்தில் தரவு என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன், அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றியதில்லை. பதினான்கு வினாடியில் இன்னொரு மௌனம் இருந்தது. மழைக் காலத்தில் வியாபாரம் எப்படி என்று கேட்டதற்கு வந்தது. ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டிவிட்டு, என் கேள்வி முடிந்த இடத்தில் வைத்து அதை ஓடவிட்டேன்.

துணி உரசியது. மூக்கால் ஒரு ‘ம்’ கேட்டது. குட்டி உதட்டை அசைத்து எண்ணினாள். பதினான்கில் டிங். அதன்பின் அண்ணியின் குரல் வருவதற்குள் நிறுத்திவிட்டேன்.

குட்டி ஹெட்ஃபோனைக் கழற்றினாள். சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "சீ, ஊசிம்மா! வெறும் ஊசி! நான் பைத்தியக்காரி மாதிரி பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன்" என்று அண்ணியின் தோளில் போய் விழுந்தாள். அண்ணி அவள் தலையைத் தடவினாள். அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பை மூடினேன்.

பெட்டியை எடுத்துவரக் குட்டி ஓடினாள். தெருமுனையில் அவள் திரும்பும்வரை அண்ணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போட்டது வேற. அந்தக் கேள்விக்கு என் வாய்ல ஊசியே இல்ல. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் அண்ணி.

"தெரியும் அண்ணி."

"ஏன் மாத்திப் போட்ட?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? நான் வச்ச நெருப்பு." கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன். "அவ பிறந்திருக்க வேண்டாம்னு நினைச்சீங்களா அண்ணி?"

"போடி. அவ இல்லாம எனக்கு ஒரு நாள் விடியுமா? வேண்டாம்னு நான் நினைச்சதே இல்ல." கால்சட்டையை மடித்து மேஜைமேல் வைத்தாள். "நீ கேட்டதும், சரி, அவ இல்லாம இருந்திருந்தா நான் எங்க இருந்திருப்பேன்னு ஒரு தடவை போய்ப் பாத்தேன். அவ்வளவுதான். பாத்துட்டு உடனே திரும்பி வந்துட்டேன்."

"என்ன பாத்தீங்க?"

"அதை உன்கிட்ட ஏன் சொல்லணும்? மககிட்டயே சொல்ல முடியல. அப்படி யோசிச்சே பாக்கலன்னு பொய் சொல்லவும் வாய் வரல. கல்யாணம் ஆன இத்தனை வருஷத்துல நான் தனியா போன ஒரே இடம் அது. அதையும் நீ கடிகாரத்தை வச்சு எண்ணி, அச்சடிச்சு அனுப்பிட்ட."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள், யாரோ ஒருவர் தொலைத்த பொத்தானைப் பற்றிச் சொல்கிற மாதிரி. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அழுது முடித்துப் பையைத் துழாவினேன். ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் எங்களிடம் இரண்டு படிவங்கள் உண்டு. முதலாவதில் சம்மதம். இரண்டாவதில் ‘என் பங்கேற்பை விலக்கிக்கொள்கிறேன், என் குரலையும் சொற்களையும் அழித்துவிட வேண்டும்’ என்று இருக்கும். எட்டு வருஷத்தில் அதை யாரிடமும் நீட்டும் நிலை வந்ததில்லை. ஓரம் மடங்கிப்போயிருந்த ஒன்றை எடுத்து இஸ்திரி மேஜையில் வைத்தேன்.

அண்ணி படித்தாள். இது புரிகிற மாதிரி எழுதியிருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டா உனக்கு என்னாகும்?"

"நாலாவது அத்தியாயம் போயிடும்."

"வெள்ளிக்கிழமை?"

"மிச்சத்தைக் கொடுப்பேன். பத்துமா பத்தாதான்னு அவங்க சொல்லட்டும்."

"எட்டு வருஷமாச்சேடி."

"போடுங்க அண்ணி."

கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. ‘காரணம் (விரும்பினால் மட்டும்)’. பேனா அந்தக் கட்டத்தின் மேலே போய் நின்றது. அண்ணி ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். தெருவில் பெட்டியின் சக்கரம் உருண்டு வரும் சத்தம் கேட்டது, பிறகு குட்டியின் குரல் யாரையோ வழிவிடச் சொன்னது. அண்ணி பேனாவை மூடி என்னிடம் தந்தாள். கட்டம் காலியாகவே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று நான் எண்ணவில்லை.